மிலிட்டரி ரேஷனா, பாக்கெட் சாப்பாடா? அவசரத்துக்கும் கேம்பிங்குக்கும் எது சரிவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பிங் போறவங்க ஒரு பக்கம், வெள்ளம் புயல் கரண்ட் கட்னு வந்தா வீட்ல நாலு நாள் சாப்பாடு கைல இருக்கணும்னு நினைக்கிறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு கூட்டமும் கடைசில வந்து நிக்கிற இடம் ஒண்ணு தான்: ஆர்மிக்காரங்க சாப்பிடுற அந்த பிரவுன் பாக்கெட்டை வாங்கலாமா, இல்ல வெந்நி ஊத்தி சாப்பிடுற பாக்கெட்டா? ரெண்டையும் நான் பல வருஷமா சாப்பிட்டிருக்கேன், சிலதை ரசிச்சு, சிலதை வேற வழியில்லாம. என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

கேள்வி: எம்ஆர்இ எம்ஆர்இன்றாங்களே, அது என்ன?

மீல் ரெடி டு ஈட், அதோட சுருக்கம் தான் எம்ஆர்இ. அமெரிக்க ராணுவம் 1981ல இருந்து வீரர்களுக்கு குடுக்குற ஒருவேளை சாப்பாட்டுப் பொட்டலம். அதுக்கு முன்னாடி தகர டப்பாவுல தான் எல்லாம் வரும், கனம், தூக்கிட்டு ஓடும்போது முதுகுல குத்தும். அந்த டப்பாவுக்கு பதிலா வளையுற பவுச்சுல சாப்பாட்டைப் போட்டு சீல் பண்ணி, அந்த பவுச்சோடவே பிரஷர்ல சுமார் 121 டிகிரிக்கு வேக வெச்சுடுவாங்க. இதைத் தான் ரிட்டார்ட்னு சொல்றது. பிளாஸ்டிக்குக்கு நடுவுல அலுமினியம் ஃபாயில் ஒரு லேயர் இருக்கும், காத்தும் வெளிச்சமும் உள்ள போகாது. அதனால ஃபிரிட்ஜ் வேணாம், சமைக்க வேணாம், கிழிச்சு அப்படியே பச்சையா, அதாவது சுட வைக்காமலே, சாப்பிடலாம்.

ஒரு பொட்டலத்துக்குள்ள மெயின் ஐட்டம் ஒண்ணு, கிராக்கர் இல்லன்னா பிரெட் மாதிரி ஒண்ணு, அதுக்குத் தடவ சீஸ் ஸ்ப்ரெட்டோ பீநட் பட்டரோ, இனிப்பு ஏதாவது, டிரிங்க் பவுடர், ஸ்பூன், ஹீட்டர், அப்புறம் உப்பு, டிஷ்யூ, சூயிங்கம்னு சில்லறை சாமான் அடங்கின ஒரு குட்டி கவர். மொத்தம் சராசரியா 1250 கலோரி. 24 மெனு இருக்கு, ஒரு பெட்டிக்கு 12 வீதம் ஏ பெட்டி பி பெட்டின்னு வரும்.

கேள்வி: அப்போ பாக்கெட் சாப்பாடுன்னு நீங்க சொல்றது எதை?

இங்க தான் பாதி பேர் குழம்புறாங்க, ஏன்னா அந்தப் பேர்ல மூணு நாலு வேற வேற சரக்கு இருக்கு.

ஒண்ணு ஃப்ரீஸ் ட்ரை. சமைச்ச சாப்பாட்டை உறைய வெச்சு, வேக்குவம்ல வெச்சா, உள்ள இருக்குற ஐஸ் தண்ணியாகாம நேரா ஆவியாப் போயிடும். தண்ணில 98 சதவீதம் கிட்ட வெளிய போயிடும், ஆனா உருவம் அப்படியே நிக்கும், ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா. வெந்நி ஊத்தினா திரும்ப உறிஞ்சிக்கும். ரெண்டாவது டீஹைட்ரேட்டட், சும்மா சூட்டுல காய வெச்சது. சுருங்கிப் போயிருக்கும், ஊற நேரம் எடுக்கும், இன்ஸ்டன்ட் சூப் பாக்கெட்ல இருக்குற காய்கறித் துண்டு இந்த ரகம் தான். மூணாவது கடைல கிடைக்குற ரெடி டு ஈட் பவுச். அது எம்ஆர்இயோட மெயின் ஐட்டத்துக்குக் கூடப் பொறந்த தம்பி மாதிரி, அதே ரிட்டார்ட் டெக்னிக், ராணுவ முத்திரை மட்டும் தான் இல்ல. நாலாவது லைஃப்போட்ல, அதாவது கப்பல் மூழ்கினா தப்பிச்சு ஏறுற படகுல, வைக்கிற ரேஷன் பார், அதுக்குத் தனியா கீழ வர்றேன்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஃப்ரீஸ் ட்ரை சாப்பாட்டை ராணுவமும் ரொம்ப காலமா பயன்படுத்துது. வியட்நாம் போர் சமயத்துல நாள்கணக்கா காட்டுக்குள்ள ரோந்து போற டீமுக்கு கனம் குறையணும்னு அமெரிக்க ஆர்மி ஃப்ரீஸ் ட்ரை பாக்கெட் தான் குடுத்துச்சு. இன்னைக்கும் கடுங்குளிர்ல வேலை செய்றவங்களுக்கு குடுக்குறது அந்த ரகம் தான். அதனால மிலிட்டரி வெர்சஸ் கேம்பிங்னு பிரிக்கிறதே கொஞ்சம் தப்பு. ஈரமான சாப்பாடு, காஞ்ச சாப்பாடு, இப்படிப் பிரிச்சுப் பாருங்க, பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க, எது பெஸ்ட்?

தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் எதுன்னு சொல்றேன்.

மழுப்பல் பதில்னு நினைக்காதீங்க. ஃப்ரீஸ் ட்ரை பவுச் ஒண்ணுக்கு கால் லிட்டர்ல இருந்து அரை லிட்டர் வரைக்கும் தண்ணி வேணும், அதுவும் கொதிக்கணும், அப்போ ஸ்டவ், கேஸ், பாத்திரம் எல்லாம் வேணும். வழி நெடுக ஓடை இருக்குற டிரெக்குல இது பிரச்சனையே இல்ல, ஃபில்டர் பண்ணி கொதிக்க வெச்சு ஊத்திக்கலாம். ஆனா வீட்ல வெள்ளம் வந்து குழாய்ல கலங்கல் தண்ணி வருதுன்னு வைங்க, இல்ல மோட்டரே ஓடலன்னு வைங்க, குடிக்கவே அளந்து குடிக்கிற நேரத்துல அரை லிட்டரை சாப்பாட்டுல ஊத்த மனசு வருமா? அப்போ கிழிச்சு சாப்பிடுற ஈர ரகம் தான் கை குடுக்கும்.

கேள்வி: ஃப்ரீஸ் ட்ரை தான் லைட்னு எல்லாரும் சொல்றாங்களே?

கணக்கு போட்டுப் பாத்துடலாம். மூணு நாள் நடை, ஒரு நாளைக்கு 2500 கலோரின்னு வெச்சுக்குவோம், மொத்தம் 7500. எம்ஆர்இன்னா 6 பொட்டலம், ஒண்ணு சுமார் 600 கிராம்னு வெச்சா 3.6 கிலோ. ஃப்ரீஸ் ட்ரைல ஒரு கிராமுக்கு நாலரை கலோரி கிட்ட வரும், அதனால 1.7 கிலோவுல வேலை முடிஞ்சுது. ரெண்டு கிலோ மிச்சம், மேல ஏறும்போது அது பெரிய விஷயம்.

ஆனா வழில தண்ணியே இல்லன்னா? 600 கலோரி பவுச் 12, 13 வேணும், ஒண்ணுக்கு 400 மில்லி வீதம் அஞ்சு லிட்டர் கிட்ட தண்ணியும் நீங்க தான் சுமக்கணும், அது அஞ்சு கிலோ. இப்போ 6.7 கிலோ ஆச்சு, ஸ்டவ் கேஸ் கணக்குல சேக்கவே இல்ல. அந்த தண்ணி உங்க வயித்துக்குள்ள தானே போகுது, வீணாப் போகலன்னு கேட்டா நியாயம் தான், குடிக்கிற தண்ணில கொஞ்சம் கழிச்சுக்கலாம். ஆனாலும் வறண்ட இடத்துக்கு ஃப்ரீஸ் ட்ரை லைட்னு சொல்றது முழு உண்மை இல்ல.

எம்ஆர்இ எடுத்துட்டுப் போனாலும் பொட்டலத்தை அப்படியே பையில போடாதீங்க. வீரர்களே அப்படிக் கொண்டு போறதில்ல. முந்தின நாள் ராத்திரி உக்காந்து கிழிச்சு, அட்டைப் பெட்டி, வேண்டாத பவுடர், பிடிக்காத கிராக்கர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, சாப்பிடப் போறதை மட்டும் திரும்ப அடைச்சு டேப் ஒட்டிடுவாங்க. ஒரு பொட்டலத்துல எவ்ளோ அட்டையும் பிளாஸ்டிக்கும் இருக்குன்னு அப்போ தான் தெரியும். அந்தக் குப்பையையும் காட்டுல இருந்து நீங்க தானே திரும்பத் தூக்கிட்டு வரணும், ஃபாயில் நெருப்புல எரியாது.

கேள்வி: எத்தனை வருஷம் கெடாம இருக்கும்? 25 வருஷம் 30 வருஷம்லாம் போடுறாங்களே, நம்பலாமா?

ஃப்ரீஸ் ட்ரைக்கு 25, 30 வருஷம்னு போடுறது வெறும் விளம்பரம் இல்ல. தண்ணி இல்ல, ஆக்ஸிஜன் இல்ல, சூடு இல்லன்னா கெடுறதுக்கு காரணமும் இல்ல. உள்ள ஒரு சின்ன சாஷே இருக்கும், இரும்புத் தூள் போட்டது, மிச்ச ஆக்ஸிஜனை அது இழுத்துக்கும். வெந்நி ஊத்துறதுக்கு முன்னாடி அதை எடுத்துடுங்க, நான் ஒரு தடவை மசாலா பாக்கெட்னு நினைச்சு கிழிக்கப் பாத்தேன். ஆனா அந்த 30 வருஷம் சீல் உடையாத வரைக்கும் தான். தொறந்துட்டா காத்துல இருக்குற ஈரத்தை ஸ்பாஞ்ச் மாதிரி இழுத்துடும், பெரிய டின் வாங்கி வெச்சு எப்பவாவது தொறந்து ரெண்டு கரண்டி எடுக்கலாம்னு நினைக்கிறவங்க கவனம்.

எம்ஆர்இ கதை வேற. ராணுவம் கேக்குற அளவு: 27 டிகிரி சூட்டுல 3 வருஷம், 38 டிகிரில 6 மாசம். அந்த ரெண்டு நம்பரையும் இன்னொரு தடவை படிங்க. 11 டிகிரி ஏறினதும் ஆயுசு ஆறுல ஒரு பங்காயிடுச்சு. மொட்டை மாடி ரூம், தகரக் கொட்டகை, கார் டிக்கி, இதெல்லாம் வெயில் காலத்துல 38ஐ சர்வ சாதாரணமா தாண்டும். நான் ரெண்டு பொட்டலத்தை அவசரத்துக்கு இருக்கட்டும்னு கார் டிக்கில போட்டுட்டு ஒரு கோடை முழுக்க மறந்துட்டேன். தொறந்தப்போ சீஸ் ஸ்ப்ரெட் பிரவுன் கலராகி எண்ணெய் தனியா மெதந்துட்டு இருந்துச்சு, பவுச் உப்பல, சீல் விடல, விஷமாகியிருக்காதுன்னு தெரியும், ஆனா வாய்ல வைக்க முடியல. வீட்டுக்குள்ளயே இருட்டா குளுமையா இருக்குற இடம், கட்டிலுக்கு அடியில மாதிரி, அங்க வைங்க.

கேள்வி: எம்ஆர்இ பொட்டலத்துல தேதியே காணோமே?

இருக்கு, உங்களுக்கு புரியுற மாதிரி இல்ல, அவ்ளோ தான். நாலு இலக்க நம்பர் ஒண்ணு அடிச்சிருக்கும், உதாரணத்துக்கு 1068. முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி நம்பர், மிச்ச மூணும் வருஷத்துல எத்தனாவது நாள்னு. 68ஆவது நாள்னா மார்ச் 9. ஆனா 1ன்றது 2021ஆ 2011ஆன்னு அந்த நம்பர் சொல்லாது! பழைய சரக்கை தள்ளிவிடுறவங்களுக்கு இந்த ஓட்டை தான் வசதி. இது தயாரிச்ச தேதி, எக்ஸ்பைரி இல்லன்னும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பெட்டி முழுசா வாங்கினா வெளிய ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கும், பெரிய வட்டத்துக்குள்ள சின்ன வட்டம். சூடு பட பட உள் வட்டம் கருக்கும். உள் வட்டம் வெளி வட்டத்தை விட கருப்பா இருந்தா அந்தப் பெட்டி நிறைய வெயில் பாத்துடுச்சுன்னு அர்த்தம், தேதி என்ன சொன்னாலும்.

கேள்வி: தேதி தாண்டினதை சாப்பிடலாமா?

ருசியும் வைட்டமினும் போகும், சீல் சரியா இருந்தா அதுக்காகவே ஆபத்துன்னு சொல்ல முடியாது. ஆனா ஈர ரக பவுச் உப்பி இருந்தா, கசிஞ்சிருந்தா, சீல் விட்டிருந்தா, தொறக்காமலே தூக்கிப் போடுங்க. காத்து புகாத ஈரமான சாப்பாட்டுல வளர்ற பாக்டீரியா ஒண்ணு போட்டுலினம்னு, அது கக்குற விஷத்துக்கு வாசனையும் இருக்காது, ருசியும் மாறாது. ரிட்டார்ட்ல 121 டிகிரி வரைக்கும் போறதே இதோட விதையைக் கொல்லத் தான். அதனால நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்து முடிவு பண்றேன்னு யாரும் கெளம்பாதீங்க.

ஒரு விதிவிலக்கு: மலை மேல போனா ஃப்ரீஸ் ட்ரை பவுச் தலகாணி மாதிரி உப்பும். அது உயரத்துல காத்தழுத்தம் குறையுறதால, கீழ எறங்கினா அடங்கிடும்.

கேள்வி: தீயே இல்லாம அந்த ஹீட்டர் எப்படி சுடுது?

பச்சை கலர் பிளாஸ்டிக் பைக்குள்ள ஒரு தட்டையான பட்டை, அதுல மக்னீசியம் தூள், கூட கொஞ்சம் இரும்பும் உப்பும். தண்ணி பட்டதும் மக்னீசியம் அதோட வினை புரிஞ்சு சூட்டைக் கக்கும். 1990கள் ஆரம்பத்துல இருந்து பொட்டலத்துக்குள்ளயே வருது. பையில ரெண்டு கோடு போட்டிருப்பாங்க, தண்ணி அந்த ரெண்டு கோட்டுக்குள்ள நிக்கணும், ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் தான். சாப்பாட்டு பவுச்சை உள்ள சொருகி, மேல மடிச்சு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள்ளயே திரும்பத் தள்ளி, ஒரு கல்லு மேல லேசா சாய்ச்சு வைங்க. உஸ்ஸுன்னு சத்தம் வரும், ஆவி வரும், ஒரு மாதிரி உலோக நாத்தம் வரும், பத்து பன்னெண்டு நிமிஷத்துல சாப்பாடு சூடாயிடும். நடுவுல சூடா ஓரத்துல ஜில்லுனு இருக்கும், அதனால கிழிக்கிறதுக்கு முன்னாடி பவுச்சை நல்லா பிசைஞ்சு விடுங்க. தண்ணியை தாராளமா ஊத்துனா சீக்கிரம் சூடாகும்னு முதல் தடவை நான் பையில பாதி வரைக்கும் ஊத்திட்டேன், வெதுவெதுப்பான தண்ணில கால் நனைச்ச மாதிரி ஆயிடுச்சு சாப்பாடு.

முக்கியமான விஷயம், அந்த ஆவியோட வர்றது ஹைட்ரஜன். பத்திக்கிற வாயு. ஒரு மழை ராத்திரி டென்ட்ல ஜிப்பை முழுசா இழுத்துட்டு மூணு பேர் மூணு ஹீட்டர் போட்டுட்டு உக்காந்திருந்தோம், ஃபிரெண்ட் ஒருத்தன் மெழுகுவத்தி ஏத்தலாம்னு லைட்டரை எடுத்தான். கையைப் புடிச்சு இழுத்து, மழை உள்ள அடிச்சாலும் பரவால்லன்னு ரெண்டு பக்க ஜிப்பையும் தொறந்து விட்டேன். ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்கப்புறம் டென்ட்டுக்கு வெளிய தான் ஹீட்டர். கேஸ் ஸ்டவ்வும் அதே மாதிரி தான், மூடின டென்ட்டுக்குள்ள கார்பன் மோனாக்சைடு சேரும், நாத்தமே இருக்காது, தூக்கத்துலயே ஆள் போயிடும். ஸ்டவ்வை விட ஹீட்டர் சேஃப்ன்னு சொல்றவங்க காத்தோட்டமான இடத்தை மனசுல வெச்சு சொல்றாங்க.

கடைல கிடைக்குற சில தானா சூடாகுற மீல்ல மக்னீசியத்துக்கு பதிலா சுட்ட சுண்ணாம்பு இருக்கும், தண்ணி ஊத்தினா கொதிக்குற அதே நீறாத சுண்ணாம்பு. சுண்ணாம்பு மட்டும் இருந்தா ஹைட்ரஜன் வராது, ஆனா கண்ணுல தெறிச்சா வெந்துடும்.

கேள்வி: பிளைட்ல கொண்டு போகலாமா?

சாப்பாடு ஓகே, ஹீட்டர் தான் தலைவலி. ஏர்லைன்ஸ் கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, இல்லன்னா ஹீட்டரை வீட்லயே எடுத்து வெச்சுட்டு கெளம்புங்க.

கேள்வி: ருசி எப்படி? நேர்மையா சொல்லுங்க.

ராணுவ ரேஷனுக்கு ருசி எப்பவுமே கடைசி வரிசைல தான் நின்னுருக்கு. 1937ல அமெரிக்க ராணுவம் ஹெர்ஷி கம்பெனி கிட்ட எமர்ஜென்சி சாக்லேட் பார் ஒண்ணு செய்யச் சொல்லி ஆர்டர் குடுத்துச்சு, அதுல ஒரு கண்டிஷன், அவிச்ச உருளைக்கிழங்கை விட கொஞ்சம் தான் ருசியா இருக்கணும், அதுக்கு மேல போகக் கூடாது. நல்லா இருந்தா அவசரம் வர்றதுக்கு முன்னாடியே தின்னு தீத்துடுவாங்களாம்! எனக்கு அந்த லாஜிக் ரொம்ப பிடிக்கும், ஏன்னா எங்க வீட்டு எமர்ஜென்சி பெட்டில சாக்லேட் ஒரு மாசம் தாண்டினதே இல்ல.

எம்ஆர்இல ஆரம்ப கால மெனுவைப் பத்தி வீரர்கள் வெச்ச பட்டப்பேரையெல்லாம் இங்க எழுத முடியாது. சீஸ் போட்ட வெஜ் ஆம்லெட் ஒண்ணு வந்துச்சு, அதுக்கு வாந்தின்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வெச்சு, கடைசில மெனுவுல இருந்தே தூக்கிட்டாங்க. இப்போ எவ்வளவோ பரவால்ல. வீரர்கள் பல வருஷமா பீட்ஸா பீட்ஸான்னு கேட்டு, 2018ல தான் அது வந்துச்சு. பீட்ஸாவோட மாவும் சாஸும் சீஸும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தா சாஸோட ஈரம் மாவுக்குள்ள எறங்கும், மூணு வருஷத்துல கூழாயிடும், அதை நிறுத்தக் கத்துக்கவே அவ்ளோ நாள்.

என் அனுபவத்துல குழம்பு மாதிரி இருக்குறது, ஸ்டியூ, பீன்ஸ், இதெல்லாம் ரிட்டார்ட்ல நல்லா வரும், ஏன்னா வெந்து கொழைஞ்சா தான் அதுக்கு அழகு. ரிட்டார்ட்ல பாஸ்தாவும் முட்டையும் கொழகொழன்னு போயிடும். சாதம், பாஸ்தா, மெலிசா நறுக்கின காய் ஃப்ரீஸ் ட்ரைல அருமையா திரும்பி வரும், பெரிய கறித்துண்டு மட்டும் நடுவுல ரப்பர் மாதிரி கடிபடும். ரெண்டுக்கும் பொதுவான மருந்து காரம். ஒரு காலத்துல எம்ஆர்இக்குள்ள கட்டைவிரல் அளவுக்கு குட்டி கண்ணாடி பாட்டில்ல டபாஸ்கோ சாஸ் வரும், சும்மாவா வெச்சாங்க.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை எம்ஆர்இ சாப்பிடணும்?

மூணு சாப்பிட்டா 3750 கலோரி. அது மூட்டை சுமந்துட்டு நாள் பூரா நடக்குறவனுக்கான கணக்கு. கரண்ட் இல்லாம வீட்ல உக்காந்து பேட்டரி ரேடியோ கேக்குறவருக்கு ஒண்ணரை போதும், அதிகபட்சம் ரெண்டு. அதனால 12 பொட்டலம் இருக்குற ஒரு பெட்டின்னா நாலு நாள்னு கணக்கு போடாதீங்க, ஒருத்தருக்கு ஆறுல இருந்து எட்டு நாள் வரும்.

ஃப்ரீஸ் ட்ரைல கணக்கு தலைகீழ். பாக்கெட் மேல ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கும், மொத்தமே 500, 600 கலோரி தான் இருக்கும். நாள் பூரா நடந்துட்டு வந்து அதை ரெண்டு பேர் பங்கு போட்டா ராத்திரி பத்து மணிக்கு திரும்ப பையைத் துழாவுவீங்க. எத்தனை பேருக்குன்றதைப் பாக்காம கலோரியைப் பாருங்க.

வேற வழி இல்லாம எம்ஆர்இ மட்டுமே சாப்பிட வெச்சா 21 நாளுக்கு மேல போகக் கூடாதுன்னு அமெரிக்க ராணுவமே வெச்சிருக்கு. அப்புறம் இதை சொல்லாம விட்டா நல்லா இருக்காது: மலச்சிக்கல். நார்ச்சத்து கம்மி, தண்ணியும் கம்மியா குடிப்போம், மூணாவது நாள் பாத்ரூம்ல தவம் தான். உலர் பழம் ரெண்டு பாக்கெட் கூட வெச்சுக்கோங்க, பொட்டலத்துல வர்ற டிரிங்க் பவுடரைத் தூக்கிப் போடாம கரைச்சு குடிங்க.

கேள்வி: பிபி, சுகர் இருக்குறவங்க?

உப்பு. ரெண்டு ரகத்துலயும் உப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு கீழன்னு சொல்லுது, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். வியர்த்துக் கொட்டுற வீரனை மனசுல வெச்சு செஞ்ச பொட்டலத்துல ரெண்டு சாப்பிட்டாலே அதை சுலபமா தாண்டிடுவீங்க. பிபி, கிட்னி பிரச்சனை இருக்குற பெரியவங்க வீட்ல இருந்தா பொட்டலத்தை மட்டும் நம்பாதீங்க, உப்பு சேக்காத ஓட்ஸ், நட்ஸ், பால் பவுடர்னு தனியா ஒரு பை கட்டி வைங்க. அந்தப் பையிலயே மாத்திரையும். கைக்குழந்தைக்கு இதுல எதுவுமே கிடையாது, அவங்களுக்கு பால் மாவும் சுத்தமான தண்ணியும் தனிக் கணக்கு.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

24 மெனுல நாலு சைவம், நாலுலயும் பால் சீஸ் இருக்கலாம். பிரச்சனை என்னன்னா ஏ பெட்டி பி பெட்டின்னு கலந்து தான் வரும், வாங்கினதுல முக்கால்வாசி உங்களுக்கு ஆகாது. பன்றிக்கறியும் மாட்டுக்கறியும் நிறைய மெனுல வரும், சில சமயம் பேரைப் பாத்தா தெரியாது, பின்னாடி திருப்பி என்னென்ன சேத்திருக்காங்கன்னு படிங்க. சைவம் மட்டும் வேணும்னா கடை ரெடி டு ஈட்டும் ஃப்ரீஸ் ட்ரையும் தான் நிம்மதி, ஒவ்வொண்ணா பொறுக்கி எடுக்கலாம்.

ராணுவம் செய்றதுலயே எல்லாருக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு இருக்கு, ஆனா அது வீரர்களுக்கு இல்ல. போர்ல மாட்டிக்கிட்ட சாதாரண ஜனங்களுக்கு வானத்துல இருந்து போட அமெரிக்கா செஞ்ச பொட்டலம், 1993ல போஸ்னியால தொடங்கினது. கறி கிடையாது, ஒரு நாளைக்கான 2200 கலோரி. 2001ல ஆப்கானிஸ்தான்ல அதை மஞ்ச கலர் கவர்ல போட்டாங்க, அதே நேரம் போட்ட கிளஸ்டர் குண்டோட வெடிக்காத சின்ன குண்டும் மஞ்ச கலர். சாப்பாடுன்னு நினைச்சு குழந்தைங்க குண்டைத் தொட்டுடுவாங்கன்ற பயத்துல கவர் கலரையே மாத்த வேண்டியதாச்சு.

கேள்வி: மத்த நாட்டு ஆர்மி ரேஷன் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?

பிரெஞ்சு ரேஷனுக்கு தனி ரசிகர் கூட்டமே இருக்கு. 24 மணி நேரத்துக்கான பெட்டி, சுமார் 3200 கலோரி, 14 மெனு, உள்ள சின்ன மடக்கு அடுப்பும் எரியுற வில்லையும் இருக்கும், நிறைய ஐட்டம் இன்னும் தகர டப்பாவுல தான். டப்பாவுல சாப்பாடு அடைக்கிறதுக்கே அவங்க தான் பிள்ளையார் சுழி போட்டாங்க, நெப்போலியன் காலத்துல நிக்கோலா அப்பேர்ன்றவர் கண்ணாடி ஜாடில சாப்பாட்டை அடைச்சு வேக வெச்சுக் காட்டி 1810ல அரசாங்கத்துகிட்ட 12,000 பிராங்க் வாங்கினார். பிரிட்டிஷ் ரேஷனும் 24 மணி நேரப் பெட்டி தான், 4000 கலோரி கிட்ட.

கேள்வி: லைஃப்போட் பார்னு ஒண்ணு சொன்னீங்களே?

சோப்பு மாதிரி ஒரு கட்டி, வேக்குவம் பண்ணி வரும். 2400 இல்ல 3600 கலோரி, 3600 கட்டி முக்கால் கிலோவுக்கும் கம்மி. உள்ள துண்டு துண்டா கோடு போட்டிருக்கும், ஒண்ணு 400 கலோரி கிட்ட. மாவு, கொழுப்பு, சர்க்கரை, அவ்ளோ தான், உதிர்ற பிஸ்கட் ருசி, பலதுல எலுமிச்சை வாசனை. தாகம் எடுக்காத மாதிரி உப்பைக் கம்மியா போட்டிருப்பாங்க, ஏன்னா கடல் நடுவுல தண்ணி தான் தங்கம். சர்வதேச கடல் பாதுகாப்பு விதிப்படி லைஃப்போட்ல ஆளுக்கு 10,000 கிலோஜூல் சாப்பாடும் 3 லிட்டர் தண்ணியும் இருக்கணும், அந்த 10,000 தான் இந்த 2400 கலோரி. ஆயுசு 5 வருஷம், சூட்டையும் நல்லா தாங்கும். கார்ல போட்டு வைக்க நான் சொல்றது இது ஒண்ணைத் தான், என் சீஸ் ஸ்ப்ரெட் கதைக்கு அப்புறம் டிக்கில இது தான் கிடக்கு. விருந்து இல்ல, ரெண்டாவது நாளே வெறுத்துடும், ஆனா ரோட்ல மாட்டிக்கிட்ட ஒரு ராத்திரிக்கு தாராளம்.

கேள்வி: ஒரிஜினல் ஆர்மி சரக்கு வாங்கலாமா?

அமெரிக்க ராணுவத்துக்குன்னு செஞ்ச பெட்டி மேலயே இது அரசாங்க சொத்து, விக்கிறது சட்டவிரோதம்னு அச்சடிச்சிருக்கும். அப்புறமும் ஆன்லைன்ல கிடைக்குது, ஆனா எந்த குடோன்ல எத்தனை கோடை காய்ஞ்சதுன்னு யாருக்குத் தெரியும். ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கினேன், போட்டோல இருந்த பெட்டி வேற, வந்தது வேற, ஸ்டிக்கரையே உரிச்சு எடுத்திருந்தாங்க. ராணுவத்துக்கு சப்ளை பண்ற கம்பெனிங்களே பொதுமக்களுக்குன்னு தனியா செய்ற பொட்டலம் இருக்கு, உள்ள கிட்டத்தட்ட அதே சரக்கு, தேதி படிக்கிற மாதிரி போட்டிருக்கும், அதை வாங்குங்க. ஹீட்டர் சேத்தா தனியான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: மலை மேல ஃப்ரீஸ் ட்ரை சாப்பாடு நறுக்கு நறுக்குன்னே இருக்கு, ஏன்?

3000 மீட்டர் உயரத்துல தண்ணி 90 டிகிரிலயே கொதிச்சுடும், கொதிக்குதுன்னு நீங்க நினைக்கிற தண்ணிக்கு சூடு பத்தல. பாக்கெட்ல போட்டிருக்குற நேரத்துக்கு ரெண்டு மடங்கு விடுங்க, பவுச்சை ஜாக்கெட்ல சுத்தி, முடிஞ்சா ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வைங்க. பாதி நேரத்துல ஒரு தடவை தொறந்து அடி வரைக்கும் கிளறுங்க, மூலைல எப்பவும் ஒரு பிடி பவுடர் காஞ்சு போய் ஒளிஞ்சிருக்கும். உறைபனி இடத்துல எம்ஆர்இ கல்லாயிடும், உறைஞ்சு உருகி உறைஞ்சுன்னு போனா உள்ள இருக்குறது கூழாயிடும், அந்த மாதிரி இடத்துக்கு காஞ்ச ரகம் தான்.

கேள்வி: நாலு பேர் வீடு, மூணு நாளுக்கு என்ன வாங்கி வைக்கட்டும்?

முதல்ல தண்ணி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3.8 லிட்டர்னு கணக்கு, குடிக்க, சமைக்க, அத்தியாவசிய சுத்தத்துக்கு. நாலு பேர் மூணு நாள்னா 45 லிட்டர் தாண்டும். இதை வாங்கி வைக்காம சாப்பாட்டைப் பத்தி யோசிக்கிறதுல அர்த்தமே இல்ல.

சாப்பாட்டுக்கு, நான் ராணுவப் பொட்டலத்துல பணத்தைக் கொட்ட மாட்டேன். வீட்ல எல்லாரும் ஏற்கனவே சாப்பிடுற ரெடி டு ஈட் பவுச்சும் டின்னும் தான் அடித்தளம், மாசாமாசம் பழசை எடுத்து சமையலுக்குப் போட்டுட்டு புதுசை பின்னாடி வைங்க, எக்ஸ்பைரின்ற பேச்சே வராது. அதுக்கு மேல நீண்ட நாளைக்குன்னு கொஞ்சம் ஃப்ரீஸ் ட்ரை, வீட்டை விட்டு ஓடணும்னா தூக்கிட்டுப் போற பையில ஆளுக்கு ரெண்டு எம்ஆர்இ, ரெண்டு ரேஷன் பார். எம்ஆர்இக்கு உண்மையான வேலை அந்தப் பையில தான், தண்ணி இல்லாம, தீ இல்லாம, நின்னுட்டே சாப்பிடலாம்.

வாங்கினதுல ஒவ்வொண்ணுலயும் ஒண்ணை ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை ராத்திரி கிழிச்சு சாப்பிடுங்க, குழந்தைங்களோட. எது தட்டுல மிச்சமாகுதுன்னு பாத்துட்டு மிச்சத்தை வாங்குங்க. பசிச்சா எதையும் சாப்பிடுவாங்கன்றது பெரியவங்க நம்பிக்கை, பயந்து போன அஞ்சு வயசுக் குழந்தை அப்படி இல்ல.

கேள்வி: வேற ஏதாவது மறந்துட்டோமா?

டின் ஓப்பனர். அப்புறம் நீளக் காம்பு வெச்ச ஸ்பூன், ஃப்ரீஸ் ட்ரை பவுச் ஆழம், சாதா ஸ்பூன்ல அடியில தோண்டினா முட்டி வரைக்கும் குழம்பு தான்.